தொண்டைமான் திறந்த வாய்



கீழ் வகுப்பொன்றில் நல்வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எது இல்லாவிட்டால் எது பாழ் என்று ஔவையார் வரிசைப்படுத்தும் பாட்டு. நெற்றிக்கு நீறு, உணவுக்கு நெய், ஊருக்கு ஆறு என்று விளக்கிக்கொண்டு வரும்போது பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அப்ப எங்கட யாழ்ப்பாணம் முழுக்கப் பாழோ?"

நான் வாய் திறப்பதற்குள் இன்னொருவன் பதில் சொல்லிவிட்டான். "ஏன், தொண்டைமானாறு இருக்குத்தானே?"

மூன்றாமவன் அந்தப் பக்கத்துப் பிள்ளை. "அது ஆறில்லையடா, கடல். வாயில விட்டுப் பார், தெரியும்."

வகுப்புச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால், பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்த பின்னும் அந்த மூவரின் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. ஔவைக்கும் புவியியலுக்கும் இடையே நடந்த அந்தச் சிறு வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

மூன்றாமவன் சொன்னதே சரி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்தில் வழுக்கையாறு உண்டு; அது மாரியில் ஓடி, கோடையில் புழுதி பறக்கும் தரையாகிவிடும். தொண்டைமானாறு என்று நாம் சொல்வது, வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரித்துக்கொண்டு கிழக்கே நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பின் வாய்ப்பகுதி. ஏறத்தாழ 30 சதுர மைல் பரப்புடைய அந்தக் கடனீரேரி வடகடலோடு கலக்கும் ஒடுங்கிய இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. நீரின் பெயரே ஊருக்கும் பெயர்.

பருத்தித்துறை வீதியால் பஸ்சில் போகிறவர்கள் வல்லை வெளியில் இந்த நீரைக் கடந்திருப்பீர்கள். மரம் இல்லை, வீடு இல்லை, காற்று மட்டும் இருக்கும். வல்லை முனியப்பருக்குக் காணிக்கை போடச் சாரதி வண்டியை நிறுத்தும் நேரத்தில் யன்னலால் எட்டிப் பார்த்தால், கோடையில் வெடித்த சேறு. மாரியில் வானம் தெரியும் தண்ணீர். அந்தத் தண்ணீர் வடக்கே போய்க் கடலைத் தொடும் இடமே நமது ஊர்.

பின் ஏன் 'ஆறு' என்றார்கள்? பழந்தமிழில் இத்தகைய நீருக்குச் சொல் இல்லாமற் போகவில்லை. நெய்தல் திணைப் பாடல்களில் 'கழி' என்ற சொல் அடிக்கடி வரும். நம் ஊரில் 'பரவை' என்கிறோம். மட்டக்களப்பில் 'களப்பு' என்பர். பாடநூல் 'கடனீரேரி' என்கிறது. இத்தனை இருந்தும் இந்த நீரை ஆறு என்றே அழைத்திருக்கிறார்கள். என் எண்ணம் இது: 'ஆறு' என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. ஆற்றுப்படை என்பது நதியைப் பற்றிய நூலன்று, வழிகாட்டும் நூல். தொண்டைமானாறு, தொண்டைமான் கண்ட வழியாக இருக்கலாம். இது ஒரு தமிழ் வாத்தியாரின் ஊகம் என்றே கொள்க. ஆனால் ஊரின் வரலாறு இந்த ஊகத்துக்கு ஓரளவு இடங்கொடுக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இக்கதை வருகிறது. உக்கிரசிங்கன் அரசாண்ட காலத்தில் தொண்டைமான் என்றொரு மன்னன் இங்கு வந்தான். கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் தானாக விளையும் உப்பு அவனுக்குத் தேவையாயிருந்தது. உப்பு உள்ளே விளைகிறது. மரக்கலம் வெளியே கடலில் நிற்கிறது. இடையில் மணல் தூர்ந்த ஒடுங்கிய நீர். அரசனின் இசைவோடு அந்த நீரை வெட்டி ஆழப்படுத்தினான். மரக்கலங்கள் உள்ளே வந்து உப்பு ஏற்றிச் சென்றன என்பது கதை.

பிற்காலத்தவர் பலர் இத் தொண்டைமானைக் கலிங்கத்துப்பரணியின் தலைவனோடு ஒன்றாக்கிவிட்டனர். முதலாங் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், செயங்கொண்டார் பாடிய வீரன். உரும்பிராயில் உள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பரணியில் கலிங்க நாட்டைக் கலக்கியவன் எங்கள் ஊரில் உப்பு ஏற்றினான் என்று சொன்னால் உயர்தர வகுப்பு மாணவரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்! ஆனால், குலோத்துங்கன் 1070 முதல் 1120 வரையான காலத்தவன். வைபவமாலை சொல்லும் உக்கிரசிங்கனை அதற்கு நூற்றாண்டுகள் முன்னே வைப்பதே வழக்கம். இரண்டையும் ஒட்டவைக்க வேண்டுமானால் ஒன்றை இழுக்கவோ மற்றதை நறுக்கவோ வேண்டும். பெயர் ஒற்றுமையை வைத்து வரலாறு கட்டும் ஆசை நம்மவரிடம் கொஞ்சம் அதிகம். வந்தவன் எந்தத் தொண்டைமான் என்பதை விட்டுவிடுவோம். அவன் உப்புக்காக வந்தான் என்பதை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

உப்பென்றால் இன்று நமக்குக் கடையில் வாங்கும் பைக்கற். பழைய உலகத்தில் அது நெல்லுக்கு நிகர். உமணர் வண்டி கட்டி மலைநாடுவரை உப்புக் கொண்டுபோனதையும், உமணப்பெண் தெருவில் நெல்லுக்கு உப்பு மாற்றியதையும் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். கோடையில் தண்ணீர் வற்ற வற்றப் பரவையின் விளிம்பில் வெள்ளை படர்வதைப் பார்த்தவர்களுக்கு, அதைத் தேடி ஒருவன் கடல் கடந்து வந்தான் என்பது வியப்பாயிராது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாயிற்று. தன்பாட்டில் விளைந்ததை ஏழை ஒருத்தி கடகத்தில் அள்ளினாலும் குற்றம். தொண்டைமான் ஆறு வெட்டி அள்ளிய பொருளைக் கரையிலிருப்பவள் கையால் அள்ள முடியாமற் போன காலம் அது.

கப்பல் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரை முழுதுமே பாய்மரக் கப்பல் கட்டியவர்களின் கரை. பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த கதையை நீங்கள் அறிவீர்கள்.

இனி, ஊரின் நடுநாயகமான செல்வச்சந்நிதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலோர்க்குத் தொண்டைமானாறு என்றதும் நினைவில் வருவது உப்பும் அல்ல, கப்பலும் அல்ல; ஆற்றங்கரையான். முருகனுக்கு அதுவே பெயராகிவிட்டது. புவியியல் என்ன சொன்னாலும் கந்தன் ஆற்றங்கரையில்தான் இருக்கிறான்! இந்த ஆற்றில் மீன்பிடித்த மருதர் கதிர்காமர் என்பவரை முருகன் ஆட்கொண்டான் என்பது கோயில் வரலாறு. அவர் வழிவந்தோரே இன்றும் பூசை செய்கிறார்கள். மந்திரம் ஓதுவதில்லை. பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். கதிர்காமத்து முறை, அதனாலே 'சின்னக் கதிர்காமம்' என்ற பெயர். கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டம் புறப்படுவதும் இங்கிருந்தே. ஆலம் இலைகளில் அமுது படைப்பதும், மடங்களில் வருவோர்க்கெல்லாம் சோறிடுவதும் இத்தலத்துக்கே உரியவை. அன்னதானக் கந்தன் என்பது வெறும் அடைமொழியன்று. நான் அந்த மடங்களில் உண்டு வளர்ந்தவன். ஆகம வழிப்பட்ட பெருங்கோயில்கள் நிறைந்த குடாநாட்டில், வலைவீசிய ஒருவரின் பரம்பரை வாய்கட்டிப் பூசை செய்யும் கோயிலுக்கு எல்லாச் சாதியாரும் வந்து ஒரே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைத் தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

என் அம்மம்மா கரணவாய்ப் பக்கத்தவர். சந்நிதிக்கு என்னைக் கூட்டிப் போவது அவர்தான். ஆற்றில் முழுகி எழும்போது நான் வாயில் புகுந்த நீரைத் துப்புவேன். "உப்பு விக்கப் போனவன் வெட்டின வாயாலதான் எங்கட கிணறும் கெட்டது" என்பார். தொண்டைமான் நேற்று வந்து போனவன் போலவும், காணி வழக்கில் எதிராளி போலவும் அவரைத் திட்டுவார். வீட்டுக் கிணற்று நீர் குளிக்க மட்டுமே உதவும். குடிக்கும் தண்ணீருக்கு இரண்டு ஒழுங்கை தாண்டிக் குடத்தோடு போகவேண்டும். போகும் வழியெல்லாம் தொண்டைமானுக்கு அர்ச்சனை நடக்கும்.

அம்மம்மாவின் கோபத்தில் விஞ்ஞானம் இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். நம் குடாநாடு சுண்ணக்கல்லால் ஆனது. மழை நீர் கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லை அவ்வளவு தெளிவாயிராது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் நிற்கும் என்பது ஐரோப்பிய ஆய்வாளர் இருவரின் பெயரால் வழங்கும் விதி. மறுபக்கமும் உண்டு: மேலே ஓரடியை இறைத்துக் குறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் இரகசியம் இதுவே. ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை பெறுகிறோம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது; அதில் ஒரு பகுதி தொண்டைமானாற்று வாயாலும் அரியாலைப் பக்கத்து உப்பாற்று வாயாலும் கடலுக்குப் போய்விடுகிறது. மாரி போனதும் அதே வாயால் கடல் உள்ளே வருகிறது. குடாநாட்டின் வயிற்றுக்குள் கடல் புகுந்து ஏழெட்டு மாதம் தங்கினால் கரைக் கிணறுகள் என்ன பாடுபடும்?

வாயை மூடு, மழை நீரைப் பிடித்து வை, உப்பைக் கழுவி வெளியேற்று. யோசனை எளியது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த துவைனம் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்படியொன்றை நினைத்தார். அதை முழுத் திட்டமாக வளர்த்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பெயர் பெற்றது அது. கனகராயனாறு முதலியவை வன்னியிலிருந்து கொண்டுவரும் வெள்ளம் ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. அதை இரு புறமும் அடைத்து நன்னீர் ஏரியாக்க வேண்டும். அங்கிருந்து முள்ளியான் வழியாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கு நீரை விடவேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் போட்டு உப்பைத் தடுக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால் வன்னி மழை தொண்டைமானாறுவரை வந்து நிற்கும். ஔவையார் கேட்ட ஆறு கிடைத்துவிடும்!

கதவுகள் 1950களில் வந்தன. உப்புக்காக ஒருவன் திறந்த வாயை, உப்பு வேண்டாமென்று இன்னொருவர் மூடினார். இந்த ஊரின் வரலாற்றில் நான் காண்பது இந்த ஒன்றைத்தான். அரசர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. ஊருக்கு இருந்த கேள்வி ஒன்றே: வாய் திறந்திருப்பதா, மூடியிருப்பதா?

திட்டம் முடியவில்லை. 1960களில் ஆனையிறவுப் பக்கத்து வேலைகள் நடந்தன. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறாமல் நின்றது. தொண்டைமானாற்றுக் கதவுப் பலகைகளுக்கிடையில் உப்புநீர் கசிந்தது. மேலிருந்து நன்னீர் வராமல் கீழே கதவை மட்டும் மூடுவதால் முழுப்பயன் கிட்டாது. பிறகு பணமில்லை என்றார்கள். பிறகு போர் வந்தது.

போரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1980களில் சந்நிதியின் பெருந்தேர் தீக்கிரையானது. பலாலிப் படைத்தளம் விரிந்தபோது, 1990இன் பின் ஊருக்கு மேற்கே கரையோர வீதி இல்லாமற் போயிற்று. காங்கேசன்துறையிலிருந்து மயிலிட்டி, பலாலி, வளலாய் வழியாகத் தொண்டைமானாற்றுக்கு வந்த அந்த வீதியைப் பார்க்காமலே என் தலைமுறை வளர்ந்தது. வளலாய்க் காணிகளில் ஒரு பகுதி 2015இல் விடப்பட்டது. பாலத்தில் நின்று மேற்கே பார்க்க நேர்ந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது.

இடம்பெயர்ந்தும் திரும்பியும் இருந்த அந்த ஆண்டுகளில் ஊரின் பெயரைக் குடாநாடு முழுதும் உயிரோடு வைத்திருந்தது ஒரு வினாத்தாள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்பது, நீரேரிக் கரையின் உயிரினங்களையும் மண்ணையும் மாணவர் நேரில் கண்டு படிப்பதற்காக ஏற்பட்டது. பின்னாளில் அது நடத்திய முன்னோடிப் பரீட்சைகளே பேர்பெற்றன. உயர்தரப் பரீட்சைக்கு முன் 'வெளிக்கள நிலையச் சோதினை' எழுதாத வடபகுதி மாணவர் குறைவு. அவர்களில் பலர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. வெளிக்களத்துக்குப் போகாமலே வெளிக்கள நிலையப் புள்ளியை ஒப்பிட்டு நின்றோம்.

போருக்குப் பின் தடுப்பணை திருத்தப்பட்டது. மாரி வெள்ளம் பெருகினால் கதவு திறப்பார்கள், பிறகு மூடுவார்கள். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது குடாநாடு வெள்ளத்தில் கிடந்ததை நினைப்பவர்களுக்குத் திறக்கும் நாளும் மூடும் நாளும் சின்ன விடயமல்ல என்பது தெரியும்.

வகுப்புக்கு மீண்டும் வருகிறேன். அந்தச் சிரிப்பு நடந்த அடுத்த வாரம் 'எங்கள் ஊர் நீர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அது கடல் என்று சொன்ன பையனின் தகப்பனார் பரவையில் வீச்சுவலை எறிபவர். அவன் எழுதியது என்னைத் திருத்திற்று. இறால் கடலில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வாயால் உள்ளே வந்து பரவையில் வளரும். வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். கதவை நேரங்கெட்ட நேரத்தில் மூடினால் குஞ்சு வெளியிலேயே நின்றுவிடும். 'ஐயா மூடுகிறவர்களோடு சண்டை பிடிப்பார். ஆனால் எங்கள் வீட்டுக் கிணறும் உப்பு. அம்மா ஐயாவோடு சண்டை பிடிப்பா' என்று முடித்திருந்தான். எழுத்துப் பிழைகள் பதினொன்று இருந்தன. சிவப்பு மையால் சுற்றிவிட்டு, நெடுநேரம் அந்தக் கொப்பியை மூடாமல் இருந்தேன்.

அம்மம்மாவின் பேரனாகிய நான் அதுவரை மூடும் கட்சி. குடாநாட்டு மக்கள் அனைவருக்கும் தேவையான தண்ணீர், சிலரின் இறாலுக்காகக் கடலுக்குப் போவதா என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். அந்தச் சிலரில் ஒருவரின் மகன் என் முன் வாங்கில் உட்கார்ந்திருப்பான் என்று நான் எண்ணவில்லை. சந்நிதிக்கு முதற்பூசை செய்தவரும் வலையோடு இந்த நீரில் நின்றவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவின் பலகையை எந்த மாதம் ஏற்றுவது, எந்த மாதம் இறக்குவது என்பதைக் கரைத்தோட்டக்காரனும் பரவைத் தொழிலாளியும் ஒரே பாயில் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். பொறியியலாளர் பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லட்டும். மூடும் கட்சியிலிருந்து நான் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறேன்.

இதற்கிடையில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்களால் அந்த நீர் பட்டினத்துக்கு வருகிறது. கடலிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க ஒருகாலத்தில் கப்பல் வந்தது. இன்று உப்பைப் பிரித்து எறிந்துவிட்டுத் தண்ணீரை எடுக்கிறோம். அம்மம்மா இருந்திருந்தால் இதையும் தொண்டைமான் கணக்கில்தான் எழுதியிருப்பார்.

சென்ற மார்கழியில் சந்நிதிக்குப் போனேன். பாலத்தருகே கதவுகள் உயர்த்தப்பட்டிருந்தன. மண்ணிறத் தண்ணீர் சத்தத்தோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஏழெட்டுப் பேர் வலையோடு நின்றார்கள். இறங்கிக் கையால் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தது, ஆனால் துப்பத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் வழுக்கையாற்றுப் பக்கம் போவோம், நேயர்களே. வணக்கம்.